சாகாத போனுக்குச் சாவோலை எழுதுவது யார்?

நன்றாக உழுதுகொண்டிருக்கிறது ஒரு மாடு. அதைப் பார்த்து, "இதை விற்ற வியாபாரி நாளை முதல் இதற்கு லாடம் கட்ட மாட்டானாம். ஆகவே இது செத்ததற்குச் சமம். புது மாடு வாங்கிக்கொள்" என்று ஒருவன் சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் செல்போன் விஷயத்தில் இன்று இதைத்தான் சொல்கிறார்கள். நாம் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் தவணைக் கடனில் அடுத்த போனை வாங்குகிறோம்.

சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வேலை செய்கிற பெண்ணின் இடுப்பில் ஒரு போன் இருக்கிறது. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு அப்பால் ஏலத் தோட்டத்துக்குப் போகிற கூலியின் சட்டைப் பையில் ஒன்று இருக்கிறது. தேனி வட்டாரத்து நூற்பு மில்லில் இரவு ஷிப்டு பார்க்கிற தொழிலாளியிடமும் ஒன்று இருக்கிறது. முக்கால்வாசி, ஐந்தாறு வருஷத்துப் பழைய போன்கள். திரை வெளிச்சம் தருகிறது, பேச்சு கேட்கிறது, பேட்டரியை மாற்றினால் நாள் முழுதும் நிற்கிறது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அது "காலாவதி" என்கிறார்கள். காலாவதி என்று தீர்ப்புச் சொல்ல இவர்கள் யார்? அந்தத் தீர்ப்பை மாற்ற முடியுமா? மாற்ற முடியும் என்று உலகெங்கும் சில ஆயிரம் பேர் தம் கையுழைப்பால் நிரூபித்து வருகிறார்கள். அவர்கள் செய்கிற வேலை என்ன, அதை முழுவதும் செய்யவிடாமல் தடுப்பது எது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இது கூலிப் பிரச்னைதான்

"கூலி, பஞ்சப்படி, நிலம் என்று எத்தனையோ இருக்க, போனைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இது கூலிப் பிரச்னைதான், தோழர்களே.

100 நாள் வேலையை நினைத்துப் பாருங்கள். 2022 மே மாதத்தில், இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்த இடங்களில் செல்போன் செயலி மூலமாகத்தான் வருகைப் பதிவு என்றது மத்திய சர்க்கார். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளங்களுக்கும் அதையே கட்டாயமாக்கியது. நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். படம் ஏறாவிட்டால் வருகை இல்லை. வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. பணித்தளப் பொறுப்பாளரான பெண்ணின் பழைய போன் அன்றைக்கு மக்கர் செய்தால், வெயிலில் மண் சுமந்த அத்தனை பேர் வயிற்றிலும் அடி. இதை எதிர்த்து 2023 பிப்ரவரியில் பல மாநிலத் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டம் தொடங்கினார்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். செல்போன் வழிக் கண்காணிப்புக்கு அதிலும் இடம் வைத்தார்கள்.

மில் தொழிலாளிக்கு மட்டும் விலக்கு உண்டா? புதிதாக வேலைக்குச் சேருகிறவரின் பி.எப். எண்ணை, 2025 ஆகஸ்டு 1 முதல், போன் செயலியில் முகத்தைக் காட்டித்தான் உருவாக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. வங்கிக்கு ரகசிய எண் போனில்தான் வருகிறது. சங்கக் கூட்டச் செய்தியும் போனில்தான் வருகிறது.

ஆக, போன் இன்று மண்வெட்டியைப் போல, தறியைப் போல ஒரு வேலைக் கருவி. கருவியை நம் காசில் வாங்கச் சொல்கிறான் எஜமானன். அது எத்தனை வருஷம் உழைக்கலாம் என்பதை மட்டும் விற்றவன் தீர்மானிக்கிறான். மண்வெட்டிக்குக் காம்பு மாற்ற ஆசாரியிடம் போகிறோம். போனுக்கு எங்கே போவது?

கெர்னல் என்றால் என்ன?

போனின் உயிர்நாடியான ஒரு பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். பட்டாளத்துக் கர்னல் என்று நினைத்துவிட வேண்டாம். கொட்டைக்குள்ளே இருக்கும் பருப்பைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று முறை வைத்து மடையைத் திறந்து மூட ஒருவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் தலைமடை மூழ்கும், கடைமடை காயும். போனுக்குள்ளே அந்த வேலையைச் செய்வது கெர்னல். எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம், சிப் எந்த வேகத்தில் ஓட வேண்டும், பேட்டரியை எப்படிச் செட்டாகச் செலவழிப்பது, கேமராவுக்கும் ஒலிபெருக்கிக்கும் யார் கட்டளை இடலாம் என்று எல்லாவற்றையும் அதுதான் பங்கிடுகிறது. ஒரு செயலி இன்னொன்றின் கணக்கில் கை வைக்காமல் காவல் காப்பதும் அதுதான்.

ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது லினக்ஸ் என்ற கெர்னல். எந்தப் பெருமுதலாளியின் சொத்தாகவும் அது பிறக்கவில்லை. 1991-ல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அதை எழுதத் தொடங்கினார். 1992-ல் அதை ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் கீழ் வைத்தார். ரிச்சர்ட் ஸ்டால்மனும் அவர் தோழர்களும் உருவாக்கிய உரிமம் அது. ஊர்ப் பொதுக்கிணற்றைப் போன்ற ஏற்பாடு என்று சொல்லலாம். யாரும் தண்ணீர் எடுக்கலாம், யாரும் ஆழப்படுத்தலாம். ஆழப்படுத்தியவன் சுற்றிச் சுவர் எழுப்பிக் கதவு போடக் கூடாது. தான் எழுதியதை மற்றவருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். மூல நிரல் என்றால் மனிதர் படித்துத் திருத்தக்கூடிய கட்டளை வரிகள்.

2025-ல் லினக்ஸ் சுமார் 4 கோடி வரிகளாக வளர்ந்திருந்தது. கம்பெனிச் சம்பளத்துக்கு எழுதியவர்களும் உண்டு, சம்பளமே இல்லாமல் எழுதியவர்களும் உண்டு. எப்படியானாலும் அது பல்லாயிரம் உழைப்பாளிகளின் கூட்டு உழைப்பு. அந்தக் கூட்டு உழைப்பின் மேல்தான் போன் கம்பெனிகள் மாளிகை கட்டின.

கொடிக்குக் கவாத்து, போனுக்குக் கெர்னல்

நம் ஊர்க்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். காய்ப்பு முடிந்த திராட்சைக் கொடியைப் பாருங்கள். சருகும் குச்சியுமாகப் பட்டுப்போனதைப் போல நிற்கும். அதற்காக வேரோடு பிடுங்கி எறிகிறோமா? கவாத்து வெட்டுகிறோம். வேண்டாத கிளையை நீக்கி, உரம் வைத்து, தண்ணீர் பாய்ச்சுகிறோம். மறுபடி துளிர்க்கிறது, மறுபடி காய்க்கிறது.

பழைய போனுக்குத் தனிக் கெர்னல் தயாரிக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கம்பெனி உரிமப்படி வெளியிட்ட மூல நிரலை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். தாய் லினக்ஸில் அதற்குப் பிறகு நடந்த திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து இதில் பொருத்துகிறார்கள். பழைய வரியோடு புதிய வரி இடிக்கும் இடங்களில் உட்கார்ந்து சரிசெய்கிறார்கள். அந்தப் போனுக்குத் தேவையில்லாத பாகங்களைக் கழிக்கிறார்கள். சிப்பின் வேகத்தை வேலைக்கேற்ப ஏற்றி இறக்க ஏற்பாடு செய்கிறார்கள். நினைவகம் குறைவான போனில், இருப்பதையே சுருக்கி மடித்து வைத்து இடம் உண்டாக்குகிறார்கள். பிறகு கம்ப்யூட்டரில் அதை யந்திர மொழிக்கு மாற்றிப் போனில் ஏற்றுகிறார்கள். பத்துக்கு ஒன்பது முறை போன் கம்பெனிச் சின்னத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். எங்கே தவறு என்று தேடி, திருத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். ரிங் பிரேமில் ஒரு கதிர் மட்டும் நூல் அறுக்கிறதென்றால், மில் பிட்டர் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டுக் குறையைக் கண்டுபிடிக்கிறாரே, அந்த ஜாதி வேலை இது.

இந்தப் புதுப்பித்தல் எதற்கு? வெறும் வேகத்துக்காக அல்ல. முதல் காரணம் பாதுகாப்பு. 2016 அக்டோபரில் லினக்ஸ் கெர்னலில் "டர்ட்டி கவ்" என்று பெயரிட்ட ஓட்டை வெளிப்பட்டது. 2007 முதல் அது உள்ளே இருந்திருக்கிறது. அதன் வழியே போனுக்குள் நுழைந்த கள்ள மென்பொருள் போன் முழுவதற்கும் எஜமானன் ஆகிவிடலாம். அடைக்க வேண்டிய திருத்தம் மிகச் சிறியது. தாய்க் கெர்னலில் உடனே அடைத்துவிட்டார்கள். கம்பெனி கைவிட்டுவிட்ட போன்களுக்கு அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை. தொண்டர்கள் கையால் எடுத்துப் பொருத்திய பழைய போன்களுக்கு மட்டும் வந்தது.

2017-ல் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்ற திட்டத்தைச் சிலர் தொடங்கினார்கள். ஒரு போன் பத்து ஆண்டு வாழ வேண்டும் என்பது அவர்கள் குறிக்கோள். குவால்காம் கம்பெனி 2014 வாக்கில் மலிவுப் போன்களுக்காக விற்ற ஸ்னாப்டிராகன் 410 என்ற சிப்பைப் புத்தம்புதிய தாய்க் கெர்னலிலேயே ஓட வைத்துவிட்டார்கள். எல்லாப் போனிலும் எல்லா வசதியும் வேலை செய்கிறதென்று சொல்ல முடியாது. ஒன்றில் கேமரா வராது, இன்னொன்றில் பேச்சு சரியாக வராது. ஆனால் "முடியவே முடியாது" என்ற பேச்சு பொய் என்பது ருசுவாகிவிட்டது.

மூன்றாவது தேய்மானம்

யந்திரத்துக்கு இரண்டு தேய்மானம் உண்டு என்று "மூலதனம்" நூலில் மார்க்ஸ் விளக்கினார். உழைத்துத் தேய்வது ஒன்று. அதே வேலையைச் செய்யும் புது யந்திரம் மலிவாக வந்துவிடுவதால், தேயாத யந்திரமும் மதிப்பில் தேய்ந்துபோவது இன்னொன்று. இன்றைய ஏகபோக முதலாளிகள் மூன்றாவதாக ஒரு தேய்மானத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பூட்டுப் போட்டுத் தேய வைப்பது!

இது நேற்று உதித்த யோசனையும் அல்ல. 1924-ல் உலகத்து மின்விளக்குக் கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி "பீபஸ்" என்ற கூட்டணி அமைத்தன. ஜெர்மனியின் ஆஸ்ரம், ஹாலந்தின் பிலிப்ஸ் போன்ற பெரும்புள்ளிகள் அதில் இருந்தன. ஒரு பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். அதிக நேரம் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம் போட்டார்கள். நன்றாகச் செய்ததற்கு அபராதம்! முதலாளித்துவத்தின் புத்தி இதுதான்.

போனில் அந்தப் பூட்டு நாலு வகையாக விழுகிறது.

முதல் பூட்டு சிப்பில் இருக்கிறது. கெர்னலின் மூல நிரலைக் கொடுக்கிறார்கள். ஆனால் கேமரா, ரேடியோ, படத்திரை ஆகியவற்றை ஓட்டுகிற துணை நிரல்களில் பலவற்றை மூடிய பொட்டலமாகவே வைத்திருக்கிறார்கள். சிப் கம்பெனி அந்தப் பொட்டலத்தைப் புதுப்பிப்பதை நிறுத்தியதும், போன் கம்பெனியும் கையை விரிக்கிறது.

இரண்டாவது பூட்டு போனின் வாசலில் இருக்கிறது. பூட்லோடர் என்பார்கள். அதைத் திறந்தால்தான் வேறு கெர்னலை ஏற்ற முடியும். ஷியோமி கம்பெனி தன் போன்களின் பூட்டைத் திறக்க மனுப் போடச் சொல்லி 168 மணி நேரம் காத்திருக்க வைத்ததும் உண்டு. திறக்கவே வழி கொடுக்காத கம்பெனிகளும் உண்டு. காசு கொடுத்து வாங்கியவன் தன் வீட்டுக் கதவைத் திறக்க விற்றவனிடம் மனுப் போட வேண்டுமாம்!

மூன்றாவது பூட்டு செயலிகளில் இருக்கிறது. போனில் கம்பெனி கொடுத்த மென்பொருள்தான் இருக்கிறதா என்று கூகுளைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல வங்கிச் செயலிகள் திறக்கின்றன. தொண்டர்கள் புதுப்பித்த பத்திரமான கெர்னல் இருந்தால் "ஆபத்தான போன்" என்று விரட்டுகின்றன. கம்பெனி கைவிட்ட ஓட்டைக் கெர்னல் இருந்தாலோ பல நேரம் உள்ளே விட்டுவிடுகின்றன.

நான்காவது பூட்டு பெரிய செயலிக் கம்பெனிகளின் விருப்பம். 1,500 ரூபாய் வைப்புத் தொகைக்கு ஏழைகளின் போன் என்று 2017-ல் ஜியோபோனை அறிவித்தார்கள். அதற்கு உள்ளேயும் லினக்ஸ்தான். 2018-ல் அதற்கு வாட்ஸ்அப் கொடுத்தார்கள். 2025 தொடக்கத்தில் அந்த வகைப் போன்களில் வாட்ஸ்அப்பை நிறுத்தினார்கள். பொத்தான் தேயவில்லை, பேட்டரி சாகவில்லை. எங்கோ ஒரு அலுவலகத்தில் எடுத்த முடிவில், உழைப்பாளி வீட்டுப் போன்கள் ஒரே நாளில் அரை ஊமையாகிவிட்டன.

யுரேகா சொல்லும் பாடம்

இந்தியாவில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். 2009-ல் அமெரிக்காவில் ஒருவர் தொடங்கி, உலகெங்கும் தொண்டர்கள் சேர்ந்து வளர்த்த ஆண்ட்ராய்டு வடிவம் சயனோஜென்மாட். பழைய போன்களுக்குப் புது உயிர் கொடுத்ததால் பிரபலமாயிற்று. 2013-ல் அதே பெயரில் ஒரு கம்பெனி உண்டாயிற்று. கோடி கோடி டாலராக முதலீட்டாளர் பணம் கொட்டியது.

2014-ல் இந்தக் கம்பெனி, இந்தியாவில் தன் மென்பொருளுக்குத் தனி உரிமையை மைக்ரோமேக்ஸுக்கு எழுதிக் கொடுத்தது. அதற்கு முன்பே ஒன்பிளஸ் என்ற சீனக் கம்பெனியோடும் ஒப்பந்தம் இருந்தது. இரண்டு கம்பெனிகளும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மோதின. 2014 டிசம்பரில் ஒன்பிளஸ் விற்பனைக்கு முதலில் தடை விழுந்தது, சில நாளில் அந்தத் தடை விலகியது. ஆயிரக்கணக்கான பேர் கூலியில்லாமல் விதைத்த வயலின் விளைச்சலுக்கு இரண்டு வியாபாரிகள் நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். விதைத்தவர்களை யாரும் சாட்சிக் கூண்டுக்குக்கூட அழைக்கவில்லை.

மைக்ரோமேக்ஸ் தன் "யூ" என்ற பெயரில் யுரேகா போனை ரூ. 8,999 விலைக்கு இறக்கியது. ஆனால் 2016 டிசம்பரில் சயனோஜென் கம்பெனி கடையைக் கட்டியது. டிசம்பர் 31-க்குள் எல்லாச் சேவையும் நிறுத்தம் என்றது. யுரேகாவை வாங்கியவர்களின் கதி? முதலாளியின் கணக்குப்படி அந்தப் போனும் அதோடு சாக வேண்டியதுதான்.

சாகவில்லை! மூல நிரல் பொதுக்கிணற்றில் இருந்தது. சில நாளிலேயே தொண்டர்கள் லீனேஜ் ஓஎஸ் என்ற புதுப் பெயரில் வேலையைத் தொடர்ந்தார்கள். யுரேகாவுக்கும் புது வடிவம் கொடுத்தார்கள். கம்பெனி செத்தது, தொழில் சாகவில்லை. முதலாளி இல்லாமல் உற்பத்தி நடக்கும். உழைப்பாளி இல்லாமல் ஒரு நாளும் நடக்காது. இந்தப் பழைய உண்மையை ஒரு சின்னப் போன் மறுபடியும் நிரூபித்தது.

அவர்கள் யந்திரத்துக்கு ஒரு நீதி, நம் போனுக்கு ஒரு நீதி

பழைய கெர்னலை நெடுங்காலம் பராமரிக்க முடியாது, செலவு தாங்காது என்று கம்பெனிகள் புலம்புகின்றன. அப்படியா?

லினக்ஸில் சில பதிப்புகளை நீண்ட காலப் பதிப்பு என்று அறிவித்துப் பராமரிப்பது வழக்கம். உதாரணமாக, 2018 அக்டோபரில் வந்த 4.19 என்ற பதிப்பு எண்ணற்ற போன்களுக்குள் இருக்கிறது. அதற்கு 2024 டிசம்பரோடு தாய்வீட்டுப் பராமரிப்பு முடிந்தது. இனி வரும் நீண்ட காலப் பதிப்புகளுக்கு ஆறு ஆண்டுக்குப் பதில் இரண்டு ஆண்டுதான் என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். பராமரிப்பவர் சிலர், பாரமோ மலையளவு என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஆனால் பெரிய கம்பெனிகளின் சொந்த யந்திரங்களுக்கு என்ன ஏற்பாடு? 2016-ல் சீமென்ஸ், ஹிட்டாச்சி, தோஷிபா ஆகியவை கூடி ஒரு திட்டம் ஆரம்பித்தன. மின்நிலையம், ரயில், தொழிற்சாலை ஆகியவற்றை இயக்கும் கெர்னல்களைப் பத்து ஆண்டும் அதற்கு மேலும் பராமரிப்பது அதன் நோக்கம். 4.4 என்ற பதிப்புக்குத் தாய்வீட்டில் 2022 பிப்ரவரியில் ஆயுள் முடிந்தது. இந்தத் திட்டத்தில் அதற்கு 2027 ஜனவரி வரை ஆயுள். 4.19-க்கு 2029 ஜனவரி வரை ஆயுள்.

கவனியுங்கள், தோழர்களே! அதே 4.19. சீமென்ஸ் முதலாளியின் யந்திரத்தில் இருந்தால் அது பத்து வருஷம் வாழத் தக்கது. சுருளிப்பட்டிக் கூலியின் போனில் இருந்தால் குப்பை. பராமரிக்கத் தெரியாமலா விடுகிறார்கள்? ஆள் இல்லாமலா விடுகிறார்கள்? தங்கள் சொத்து என்றால் பராமரிப்பு, நம் சொத்து என்றால் புதுசு வாங்கு. கெர்னலில் இல்லை வித்தியாசம், வர்க்கத்தில் இருக்கிறது.

அவர்கள் வாதமும் நம் பதிலும்

"பூட்டு இல்லாவிட்டால் திருடன் புகுந்துவிடுவான்" என்பது அவர்கள் முதல் வாதம். பூட்டே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சாவி வீட்டுக்காரனிடம் இருக்க வேண்டும் என்கிறோம். கம்பெனி பராமரிப்பை நிறுத்திய பிறகும் சாவியைத் தன் மடியில் முடிந்து வைத்திருப்பது காவல் ஆகாது, அபகரிப்பு.

"புதுப் போன் விற்றால்தான் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும்" என்பது இரண்டாவது வாதம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை நினைவிருக்கிறதா? 2006-ல் திறந்தார்கள். கோடிக்கணக்கான போன்கள் அங்கிருந்து போயின. 2014 நவம்பர் 1-ல் மூடினார்கள். ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், பெண்கள், தெருவில் நின்றார்கள். வருஷத்துக்கு ஒரு மாடல் விற்ற முதலாளித்துவம் அவர்கள் வேலையைக் காப்பாற்றவில்லை. பழுது பார்ப்பதும் வேலைதான். கம்பம் கடைத்தெருவில் மேஜை மீது விளக்கை வைத்துக்கொண்டு போனைப் பிரித்துப் போடும் பையனும் தொழிலாளிதான். உதிரிப் பாகமும் மூல நிரலும் கையில் கொடுத்தால் அந்தத் தொழில் ஊருக்கு ஊர் வளரும்.

"ஒரு சிறு கம்பெனியால் இத்தனை ஆண்டு பராமரிக்க முடியுமா?" என்பது மூன்றாவது. ஹாலந்தில் ஃபேர்போன் என்ற சிறு கம்பெனி பதில் சொல்லிவிட்டது. 2015 இறுதியில் அது விற்ற இரண்டாவது மாடலுக்கு, ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு சிப் கம்பெனி கையை விரித்தது. லீனேஜ் தொண்டர்களின் வேலையைத் துணையாகக் கொண்டு, கூகுள் கேட்ட லட்சக்கணக்கான சோதனைகளையும் தாண்டி, ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுவந்தார்கள். 2023 மார்ச் வரை, ஏழு ஆண்டுக்கு மேல், அந்தப் போனுக்குப் புதுப்பித்தல் கிடைத்தது. சின்னக் கம்பெனிக்கு முடிந்தது பெரிய கம்பெனிக்கு முடியாதென்றால் யார் நம்புவது?

ஒன்றை நமக்குள்ளும் சொல்லிக்கொள்ள வேண்டும். தனிக் கெர்னல் என்ற பெயரில் யார் எதைக் கொடுத்தாலும் போனில் ஏற்றிக்கொள்வது ஆபத்து. கெர்னலை எழுதியவன் கெட்டவனாக இருந்தால் போன் முழுவதும் அவன் கையில். தவறாக ஏற்றினால் போன் வெறும் செங்கல். பூட்லோடரைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் படம், எண் எல்லாம் அழிந்துபோகும். வங்கிச் செயலி ஓடாமல் போகலாம். ஆகவே மூல நிரலை வெளிப்படையாக வைத்து, பல பேர் சரிபார்க்கும் திட்டங்களையே நம்ப வேண்டும். தெரிந்தவர் துணையோடுதான் கை வைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தொண்டர்களில் பலர் பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் கண் விழிக்கிறவர்கள். ஒரு மாடல் போனின் ஆயுள் சில நேரம் ஒரே ஒரு இளைஞரின் ஓய்வு நேரத்தில் தொங்குகிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் போனுக்கும் காய்ச்சல். தனி மனிதர்களின் தியாகத்தை மெச்சிவிட்டு நாம் சும்மா இருந்துவிடலாகாது. தியாகம் வழிகாட்டும். உரிமையைச் சட்டம்தான் நிலைநாட்டும்.

என்ன கேட்கிறோம்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி அமலுக்கு வந்தது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு மென்பொருள் புதுப்பித்தல் கிடைக்க வழி செய்ய வேண்டும், ஏழு ஆண்டு உதிரிப் பாகம் கொடுக்க வேண்டும். அங்கே விற்கிற அதே கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன.

இங்கே என்ன நடந்தது? 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு குழு. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணைய வாசல். 2024 செப்டம்பரில் போன் முதலிய பொருள்களின் பழுது நீக்கும் தகுதிக்குக் குறியீடு கொடுப்பதைப் பற்றி மறுபடி ஒரு குழு. 2025 மே மாதம் அதன் அறிக்கை. குழுவின் தலையில் குழு, காகிதத்தின் தலையில் காகிதம். டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சுத் தொடங்கியது என்பதை விவசாயத் தோழர்கள் மறந்துவிடக் கூடாது. இன்று போனில் விழுகிற பூட்டு நாளை டிராக்டர் எஞ்சினிலும் விழும்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் அதில்தான் பாடம் படித்தார்கள். சர்க்கார் மனம் வைத்தால் பொது மென்பொருள் ஏழைப் பிள்ளையின் மேஜைக்கு வரும் என்பதற்கு அது சாட்சி. தமிழ்நாட்டிலும் வித்து இல்லாமல் இல்லை. விழுப்புரம் லினக்ஸ் குழுவினர் கிராமத்து மாணவர்களுக்கு இதைக் கற்றுத்தருகிறார்கள். 2012 முதல் "கணியம்" தமிழிலேயே இந்த அறிவை எழுதி இலவசமாகப் பரப்பியிருக்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று: எத்தனை ஆண்டு புதுப்பித்தல் கிடைக்கும் என்பதைப் போன் பெட்டியின் மேல் விலையைப் போலவே தமிழில் அச்சிட வேண்டும். ஐரோப்பாவில் கொடுக்கும் ஆண்டுகளுக்கு ஒரு நாளும் குறையக் கூடாது.

இரண்டு: பராமரிப்பை நிறுத்தும் நாளிலேயே பூட்லோடர் சாவியைப் போன் சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். கெர்னல் மூல நிரலை முழுமையாகவும், சிப்பை ஓட்டத் தேவையான விவரங்களோடும் வெளியிட வேண்டும்.

மூன்று: சர்க்கார் செயலியும் பொதுத்துறை வங்கிச் செயலியும் பழைய போனையோ தொண்டர்கள் புதுப்பித்த போனையோ காரணம் காட்டி யாரையும் விரட்டக் கூடாது. போன் மக்கர் செய்த நாளில் காகித வருகைப் பதிவேடு செல்ல வேண்டும். படம் ஏறவில்லை என்று கூலியைப் பிடிக்கக் கூடாது.

நான்கு: சி-டாக் போன்ற பொதுத்துறை ஆராய்ச்சி நிறுவனத்தில், நாட்டில் அதிகம் புழங்கும் பழைய போன்களுக்குக் கெர்னல் பராமரிக்க ஒரு பிரிவு வேண்டும். இப்போது இரவில் கண் விழிக்கும் இளைஞர்களுக்கு அங்கே நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் கொடுக்க வேண்டும்.

ஐந்து: எஜமானன் கட்டாயப்படுத்தும் செயலிக்குப் போனும் இணையச் செலவும் எஜமானன் பொறுப்பு. மில்லில் கதிரைத் தொழிலாளியா வாங்கிக் கொண்டுபோகிறான்?

2022-ல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பையை உண்டாக்கியது என்று ஐ.நா. அறிக்கை கணக்குக் காட்டியது. அதில் முறையாகச் சேகரித்தது கால் பங்குகூட இல்லை. அந்தக் குப்பை மேட்டில் நம் கூலிப் பணமும் கிடக்கிறது. தவணைக் கடனின் வட்டியும் கிடக்கிறது. சுங்குவார்சத்திரத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நின்றபடியே பாகம் பொருத்திய பெண்களின் உழைப்பும் கிடக்கிறது.

ஆகவே அடுத்த சங்கக் கூட்டத்தில் கூலிக் கோரிக்கையோடு இதையும் சேர்த்துப் பேசுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்பட்டும். மில் சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஐந்தாவது கோரிக்கையை எழுதட்டும். கம்ப்யூட்டர் படிக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். ஊருக்கு இரண்டு பேர் கற்றுக்கொள்ளட்டும். உழைத்துச் சம்பாதித்த போன் எப்போது சாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அதைச் சுமக்கிறவரே. அந்த அதிகாரத்தை விற்றவனிடமிருந்து மீட்போம்!